டர்ன்டேபிள் மோட்டாருக்கு எந்த பவர் சப்ளை? வாங்கும் முன் தட்டை நூறு சுற்று எண்ணுங்கள்

கேள்வி இதுதான். பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள், 12 வோல்ட் டிசி அடாப்டர். பியானோ, புல்லாங்குழல் இசைத்தட்டுகளில் நீண்ட சுரங்கள் லேசாக அலைகின்றன. சில நாள் பாட்டே மந்தமாகக் கேட்கிறது. அடாப்டரைத் தூக்கிவிட்டு, இரைச்சல் மிகக் குறைந்த லீனியர் சப்ளை (உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வகை) ஒன்று போட்டால் சரியாகுமா? கூடவே, நண்பர் வைத்திருக்கும் பழைய 230 வோல்ட் டர்ன்டேபிளுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போதுமா?

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அந்த மாதிரி மோட்டாரில் ஸ்டெபிலைசர் போட்டால் வேகம் இம்மியும் மாறாது. காரணம் கீழே வருகிறது. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். வோல்டேஜ் அசையாமல் நின்றால் வேகமும் அசையாமல் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் சப்ளை வாங்குகிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. மெஷினின் சுழலும் தட்டின் விளிம்பில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். இசைத்தட்டை வைத்து, ஊசியையும் இறக்கி, பாட்டு ஓடும்போதே எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி; நூறு சுற்றுக்குச் சரியாக 180 விநாடி. ஸ்டாப்வாட்சை அமுக்கும் விரல் 0.2 விநாடி பிசகினாலும் பிழை 0.1 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். 178 வந்தால் 1.1 சதவீதம் வேகம். 182 வந்தால் அதே அளவு மந்தம். அரைச் சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீதம், ஆகவே 1 சதவீதம் பிசகினால் சுருதி அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது. தனியாகக் கேட்டால் தெரியாது. கூடவே ஒரு கருவியை வைத்து வாசித்துப் பார்த்தால் உறுத்தும். இந்தச் சோதனையை மெஷினை இயக்கியவுடன் ஒரு முறையும், அரை மணி நேரம் ஓடியபின் ஒரு முறையும் செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பிறகு நமக்கு வேண்டியது.

ஃபோனைத் தட்டின் மேல் வைத்து வேகம் பார்க்கும் செயலிகள் இருக்கின்றன. வேகம் ஏறி இறங்குவதைப் பார்க்க அவை உதவும். ஆனால் சரியான வேகம் எது என்று தீர்ப்புச் சொல்ல எண்ணுவதைத்தான் நான் நம்புவேன். பாட்டு ஓடும்போது ஃபோனை எங்கே வைப்பது?

நூறு சுற்று எண்ணினால் சராசரிதான் தெரியும். அலைவு வேறு சங்கதி. அலைவு ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒரு முறை, தட்டோடு தாளம் போட்டு வந்தால், குற்றவாளி பெரும்பாலும் இசைத்தட்டின் நடுத் துளைதான். துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளத்தில் சுருதி 0.5 சதவீதம் மேலும் கீழும் போய்வரும். ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) இடமும் வலமுமாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலகத்தின் எந்த பவர் சப்ளையும் இதைத் தீர்க்காது. இரண்டு மூன்று இசைத்தட்டுகளை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அலைந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

அலைவு அதைவிட வேகமாக, விநாடிக்கு நான்கைந்து முறை நடுங்குவது போல வந்தால் மோட்டார் புல்லியை, அதாவது பெல்ட் மாட்டியிருக்கும் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 250 சுற்று ஓடும் மோட்டாரில் புல்லி கோணலாக இருந்தால் நடுக்கம் விநாடிக்கு 4 முறைக்குக் கொஞ்சம் மேல் வரும். நம் காதுக்கு மிக உறுத்தலான இடமும் அதுதான். வேக அலைவை அளக்கும் கருவிகள் 4 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகின்றன. பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, தளர்ச்சி, ஒரு பக்கம் தடித்த இணைப்பு எல்லாம் இந்த வகையறாதான். பெல்ட்டின் தடிமனும் வேகத்தை மாற்றும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. புல்லி 20 மில்லிமீட்டர், பெல்ட் 1 மில்லிமீட்டர் என்றால், பெல்ட்டின் நடுக்கோடுதான் கணக்கு. அதாவது 21 மில்லிமீட்டர். பெல்ட் 0.05 மில்லிமீட்டர் மெலிந்தால் வேகம் கால் சதவீதம் குறைந்துவிடும். புதுப் பெல்ட் போட்டதும் பாட்டு லேசாக உயர்ந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் தாண்டியும் சந்தேகம் அடாப்டர் மேல்தான் என்றால் அதற்கும் எளிய வழி உண்டு. 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி ஒன்றை 1 ஆம்பியர் ஃபியூஸோடு, பிளஸ் மைனஸ் சரிபார்த்து இணைத்து ஓட்டிப் பாருங்கள். முழு சார்ஜில் அது 12.7 வோல்ட் பக்கம் இருக்கும், அதனால் வேகம் கொஞ்சம் கூடலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். அலைவு போகிறதா என்று மட்டும் கேளுங்கள். பேட்டரியிலும் அலைவு அப்படியே இருந்தால் உங்கள் அடாப்டர் நிரபராதி. ஒரு எச்சரிக்கை: அடாப்டரில் 12 வோல்ட் டிசி என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். ரேகா நிறுவனத்தின் பல மாடல்களுக்கு 24 வோல்ட் ஏசி அடாப்டர் வரும். ப்ரோ-ஜெக்ட் நிறுவனத்தின் பழைய டெபியூ மாடல்களுக்கு 16 வோல்ட் ஏசி. முனை பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சரியாகப் பொருந்தியும் விடும். ஏசி மோட்டாருக்கு டிசி கொடுத்தால் அது சுற்றாது, உட்கார்ந்த இடத்திலேயே சூடேறும். அடாப்டரின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பதுதான் இந்த வேலையின் முதல் படி.

இனி டிசி மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது நாம் கொடுக்கும் வோல்டேஜ் அல்ல. அதிலிருந்து சுருளின் மின்தடையில் விழும் வோல்டேஜைக் கழித்தபின் மிஞ்சுவது. எண்களோடு பார்த்தால் புரியும். 12 வோல்ட் மோட்டார், சுருளின் மின்தடை 20 ஓம், ஓடும்போது 30 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருளில் 0.6 வோல்ட் போய்விடுகிறது. சுற்றும் வேகத்தைத் தருவது மீதி 11.4 வோல்ட். ஊசியை இறக்குகிறீர்கள். பள்ளத்தில் ஊசி உராய்வதால் சுமை கூடி, கரன்ட் 2 மில்லிஆம்பியர் ஏறுகிறது. இன்னொரு 0.04 வோல்ட் காலி. வேகம் 0.35 சதவீதம் இறங்கிவிட்டது. இத்தனைக்கும் சப்ளையின் 12 வோல்ட் அசையவே இல்லை!

இதற்குப் பக்கத்தில் சப்ளையின் பிழையை வைத்துப் பாருங்கள். வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் சாதாரண எல்எம்317 ரெகுலேட்டர் சிப் வைத்த சப்ளை இந்தச் சின்னச் சுமைக்கு 5 மில்லிவோல்ட் நகர்ந்தது என்றாலும் அது 0.04 சதவீதம்தான். ஊசி தின்றதில் எட்டில் ஒரு பங்கு. ஆக, மைக்ரோவோல்ட் கணக்கில் இரைச்சலைக் குறைத்திருக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் சப்ளைக்குப் பணத்தைக் கொட்டினால், ஓட்டை ஒரு பக்கம் இருக்க அடைப்பு இன்னொரு பக்கம் வைத்த கதைதான். டிசியில் மிச்சமிருக்கும் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் சின்ன ஏற்ற இறக்கம்கூட வேகத்தைத் தொடாது. ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள தட்டும் ரப்பர் பெல்ட்டும் சேர்ந்து அதை விழுங்கிவிடும்.

நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன். எல்எம்317, மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், பல சுற்று டிரிம்பாட், பெரிய ஹீட்சிங்க் என்று பார்த்துப் பார்த்து ஒரு சப்ளை செய்தேன். மீட்டரில் நான்காவது இலக்கம் வரை எண் அசையாது. ஆனால் மெஷின் போட்டதும் ஓடும் முதல் பக்கம் மந்தமாக இருக்கும், மூன்றாவது தட்டுக்கு வரும்போது வேகமாகிவிடும். ஒரு மாதம் சப்ளையையே குடைந்துகொண்டிருந்தேன். காரணம் இரண்டு, இரண்டுமே சப்ளைக்கு வெளியே. குளிர்ந்த பேரிங்கில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூடேற ஏற இளகும், சுமை குறையும். இரண்டாவது இன்னும் பெரியது. சிறிய டிசி மோட்டார்களில் பெரும்பாலும் ஃபெர்ரைட் காந்தம். சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் பலம் 0.2 சதவீதம் குறையும். காந்தம் பலவீனமானால் டிசி மோட்டார் மெதுவாகும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர் எதிர். சுற்றும் மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கி, கொடுத்த வோல்டேஜை ஈடுகட்டுகிறது; பலவீனமான காந்தத்தோடு அதே அளவை எட்ட அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. காந்தம் 5 டிகிரி சூடேறினால் வேகம் 1 சதவீதம் கூடுதல். நூறு சுற்றுச் சோதனையை இரண்டு முறை செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

அப்படியானால் டிசி மோட்டாருக்கு எது வேண்டும்? வோல்டேஜைப் பிடித்து வைக்கும் சப்ளை போதாது, வேகத்தைப் பார்த்துத் திருத்தும் சப்ளை வேண்டும். தட்டின் அடியிலோ மோட்டார் அச்சிலோ ஒரு சின்னக் காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும், அல்லது கறுப்பு வெள்ளைப் பட்டையும் ஒளி சென்சாரும் இருக்கும். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சுற்று நேரத்தைக் குவார்ட்ஸ் கிரிஸ்டலோடு ஒப்பிட்டு வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். எண்ணெய், காந்தம், ஊசி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: திருத்தம் நிதானமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பதறிக்கொண்டு திருத்தும் கருவி, முதலில் குறைத்து, பிறகு கூட்டி, தானே ஒரு அலைவை உண்டாக்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த மாதிரி. நாலைந்து சுற்றின் சராசரியைப் பார்த்து மெல்ல நகரும் கருவியே நல்லது.

நடுவில் ஒரு வழியும் உண்டு. கரன்ட் ஏறும்போது வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும் சப்ளை. சுருளில் விழும் வோல்டேஜை அது முன்கூட்டியே ஈடுசெய்கிறது. ஊசிச் சுமைக்கு நன்றாக வேலை செய்யும், காந்தத்தின் சூட்டுக்குச் செய்யாது. இப்படி ஈடுசெய்யும் அளவைச் சுருளின் மின்தடைக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்த வேண்டும். தாண்டினால் மோட்டார் நிலைகொள்ளாமல் துள்ளும்.

இதையெல்லாம் வாங்கும் முன் மோட்டாரின் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் நுழையும் ஒரு சின்னத் துளை இருக்கிறதா? இருந்தால் அது உள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்கிட் வைத்த மோட்டார். எளிய மெஷின்களில் இதுதான் அதிகம். 12 வோல்ட்டை 11 ஆக்கினாலும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அங்கே வெளி சப்ளையை மாற்றி ஒரு பயனும் இல்லை. துளைக்குள் இருக்கும் டிரிம்மரை (வேகத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகை) மயிரிழை திருப்பினால் வேகம் சரியாகும். அதுவும் வயதாகித் தடுமாறினால் மோட்டாரை மாற்றுவதுதான் மிச்சம்.

நண்பரின் மெஷினுக்கு வருகிறேன். பழைய 230 வோல்ட் பெல்ட் டிரைவ் என்றால் பெரும்பாலும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அதற்கு வோல்டேஜ் ஒரு பொருட்டே அல்ல; அது காது கொடுப்பது அதிர்வெண்ணுக்கு. 24 துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 250 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 300. இடையில் 210 வோல்ட் வந்தாலும் 245 வந்தாலும் அந்த 250 மாறாது. ஸ்டெபிலைசர் வோல்டேஜை மட்டும்தான் தொடும், அதிர்வெண்ணை அப்படியே கடத்திவிடும். மின்கட்டமைப்பில் 50 என்பது 49.5 ஆனால் பாட்டும் 1 சதவீதம் மந்தம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேகம் பார்க்க 180 கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் தட்டு உண்டல்லவா? 50 ஹெர்ட்ஸ் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். 33⅓ சுற்றில் 180 கோடுகளும் நிலையாக நிற்பது போலத் தெரியும். ஆனால் மோட்டாரும் விளக்கும் ஒரே மின்சாரத்தில் ஓடுகின்றன. அதிர்வெண் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும், கோடுகள் கம்பீரமாக அசையாமல் நிற்கும். பொய் சொல்பவனுக்குச் சாட்சியும் அவனேதான். தனிக் கிரிஸ்டலில் ஓடும் ஸ்ட்ரோப் விளக்காக இருந்தால்தான் அந்தக் கோடுகளை நம்பலாம். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது காகிதத் துண்டு.

யுபிஎஸ் போட்டால்? மின்சாரம் இருக்கும்போது சாதாரண யுபிஎஸ் வந்ததை அப்படியே கடத்தும். பேட்டரிக்கு மாறினால் மலிவானவற்றில் படிக்கட்டு வடிவ அலை வரும், மோட்டார் உறுமும். ஆன்லைன் யுபிஎஸ் கூட தன் அதிர்வெண்ணைப் பெரும்பாலும் வெளி மின்சாரத்தோடு ஒட்டியே வைத்துக்கொள்ளும். ஆகவே அதுவும் நமக்கு வேண்டிய பொருள் அல்ல.

வேண்டியது கிரிஸ்டலிலிருந்து தானே சைன் அலையை உண்டாக்கி, அதைப் பெருக்கி, மோட்டாருக்குக் கொடுக்கும் ஜெனரேட்டர். இது புதிய யோசனை அல்ல. லின் நிறுவனம் தன் எல்பி12 டர்ன்டேபிளுக்கு 1982லேயே வால்ஹல்லா என்ற கிரிஸ்டல் பலகையைக் கொடுத்தது; 1990இல் வந்த லிங்கோ அதைத் தனிப் பெட்டியாக்கி, 45 சுற்றுக்கும் அதிர்வெண்ணை மாற்றிக் கொடுத்தது. 33⅓க்கு 50 ஹெர்ட்ஸ் என்றால் 45க்கு 67.5. பெல்ட்டைப் புல்லியில் மேலும் கீழும் மாற்றும் வேலை இல்லை. இன்றைய கருவிகளில் அதிர்வெண்ணை 0.01 ஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்த முடிந்தால் போதும், அது 0.02 சதவீதம். சாதாரணக் கிரிஸ்டலின் பிழையே பத்து லட்சத்தில் 50 பங்குதான், அதற்கு மேல் துல்லியம் தேடி அலைய வேண்டாம்.

இங்கே தேட வேண்டிய நயம் வேகத்தில் இல்லை, அதிர்வில் இருக்கிறது. சிங்க்ரனஸ் மோட்டாரில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கு நேராகவும் மற்றதற்கு ஒரு கெப்பாசிட்டர் வழியாகவும் மின்சாரம் போகும். இரண்டுக்கும் இடையே கட்டம் (ஃபேஸ்) 90 டிகிரி விலகியிருந்தால் மோட்டார் வழுக்கிக்கொண்டு சுற்றும், விலகல் பிசகினால் உதறிக்கொண்டு சுற்றும். கெப்பாசிட்டர் ஓர் அதிர்வெண்ணுக்குத்தான் சரியாக இருக்கும், 67.5க்குப் போனால் பிசகும். கெட்டுப்போனால் மோட்டார் கிளம்பாது, அல்லது எந்தப் பக்கம் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் சுற்றும். தட்டு பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. ஆகிற செலவு ஒரு கெப்பாசிட்டர்தான். எனவே இரண்டு கட்டங்களையும் தனித்தனியாக உண்டாக்கி, கோணத்தையும் அளவையும் திருகிச் சரிசெய்ய வசதி தரும் ஜெனரேட்டரை எடுங்கள். அதைச் சரிசெய்யும் முறை: பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிடுங்கள். அசையாத தட்டின் மேல் இசைத்தட்டை வைத்து, ஊசியை இறக்கி, ஒலியைக் கவனமாகக் கூட்டுங்கள். ஸ்பீக்கரில் உம் என்று கேட்பதில் பெரும்பகுதி மோட்டாரின் உதறல். திருகத் திருக அது அடங்கி, ஓரிடத்தில் ஏறக்குறைய காணாமல் போகும். அதுதான் இடம். கிளம்பும்போது முழு வோல்டேஜும், வேகம் பிடித்தபின் குறைத்தும் கொடுக்கும் வசதி இருந்தால் அந்த உம் இன்னும் தணியும்.

சக்தி எவ்வளவு? சிங்க்ரனஸ் மோட்டார்களுக்குச் சில வாட்தான். அதன் இரண்டு மூன்று மடங்கு தரக்கூடிய ஜெனரேட்டர் தாராளம். நண்பரிடம் இருப்பது காரார்டு 301, லென்கோ எல்75 போன்ற ரப்பர் சக்கர மெஷினாக இருந்தால் கதை மாறும். அவை இண்டக்‌ஷன் மோட்டார்கள், அதிர்வெண்ணைக் கொஞ்சம் பிந்தியே தொடரும். அங்கே வோல்டேஜுக்கும் பங்கு உண்டு: 10 சதவீதம் குறைந்தால் இழுவிசை 19 சதவீதம் குறையும், சறுக்கல் கூடும். அதற்கு இன்னும் பலமான ஜெனரேட்டர் வேண்டும். நான் மேலே ஸ்டெபிலைசரை அடியோடு ஒதுக்கியதற்கு இந்த மெஷின்கள் மட்டும் ஒரு சின்ன விலக்கு. இந்த ஜெனரேட்டர்களின் வெளியீடு 230 வோல்ட், உயிரோடு விளையாடும் சமாச்சாரம். மெயின்ஸ் வேலை தெரியாதவர் மூடிய பெட்டியாக வாங்குவதே மேல்.

பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மெஷின்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்றவற்றில் குவார்ட்ஸ் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கிறது. வெளி சப்ளை வேகத்தைத் திருத்தாது. வயதான மெஷினில் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றினால் போதும். அதே போல, டிசி அடாப்டர் வாங்கி உள்ளே தானே ஏசி தயாரித்துக்கொள்ளும் பெல்ட் மெஷின்களும் இப்போது நிறைய. அவற்றிலும் அடாப்டரை மாற்றி வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

லீனியர் சப்ளைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் வேலை வேறு. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் எம்சி, எம்எம் என்று இரண்டு வகை; எம்சி தருவது அரை மில்லிவோல்ட் அளவு, எம்எம் 5 மில்லிவோல்ட் அளவு. மலிவான ஸ்விட்ச் மோட் அடாப்டரிலிருந்து கசியும் உயர் அதிர்வெண் கரன்ட், எர்த் வழியாக, கார்ட்ரிட்ஜின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பெருக்கிக்குள் புகுந்தால் ஒரு மெல்லிய கீச்சு கேட்கும். மோட்டார் நின்றிருக்கும்போது அடாப்டரைச் சொருகினால் கீச்சு வந்து, பிடுங்கினால் போகிறதா? அப்படியானால் லீனியர் வாங்குங்கள், நிச்சயம் பலன் உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தன் காந்தப் புலம் உண்டு. கார்ட்ரிட்ஜுக்குக் கீழேயோ ஒட்டியோ வைத்தால் கீச்சு போய் உறுமல் வரும். கம்பியை நீட்டித் தள்ளி வையுங்கள். வைத்த இடத்தில் பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாலே வித்தியாசம் கேட்கும்.

உங்கள் மெஷினுக்கு நான் செய்வது இந்த வரிசையில்: வேறு இரண்டு இசைத்தட்டுகள், புதுப் பெல்ட், துடைத்த புல்லி, பேரிங்கில் புது எண்ணெய், பிறகு பேட்டரிச் சோதனை. அதன் பின்னும் குளிர்ந்த எண்ணுக்கும் சூடான எண்ணுக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்து, மோட்டாரின் பின்னால் துளையும் இல்லையென்றால் சென்சார் வைத்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குங்கள். ஒரு விநாடிக்குள் இருந்தால் இப்போதைய அடாப்டரே ஓடட்டும். அந்த இரண்டு எண்களையும் மோட்டாரின் பின்புறப் படத்தையும் அனுப்பினால், எந்த வகைக் கருவி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.